கிரகம் தேடுகிற தாய்மாமன்

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையில் போன மாதம் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு முளைத்தது.

காதணி விழா போர்டு. நம் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. காது குத்தப்படும் குழந்தை ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். தாய்மாமன் நடுவில் பெரியதாக இருப்பார். அவருக்குப் பின்னால் சிங்கம், புலி, சில ஊர்களில் ஹெலிகாப்டர்...

இந்தப் போர்டில் தாய்மாமனுக்குப் பின்னால் இருந்தது ஒரு கேலக்ஸி. ஊதாவும் வெள்ளையுமாகச் சுழலும் நட்சத்திரக் கூட்டம். அதன் நடுவிலிருந்து, கண்ணாடி போட்ட, முன்நெற்றி ஏறிய ஓர் இளைஞர் கோட்டு சூட்டில் கைகூப்பியபடி வந்துகொண்டிருந்தார். மேலே கொட்டை எழுத்தில்: 'விண்ணை அளக்கும் விஞ்ஞானியே, எங்கள் தாய்மாமனே, வருக வருக.'

வருக என்று போட்டாகிவிட்டது. ஒரே ஒரு சிக்கல் — அவர் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

போர்டில் இருப்பவர் செந்தில். அவருடைய அக்கா கலைச்செல்வி எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ரவிக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊர். தஞ்சாவூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஒரே மகள் யாழினி. நான்கு வயது. இன்னும் முதல் முடி எடுக்கவில்லை, காது குத்தவில்லை.

நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு வெறும் காது என்றால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் கேட்பார். காய்கறிக் கடையில் கேட்பார்கள். 'ஏங்க, பாப்பா காது மூளியா இருக்கு?' கலைச்செல்வி எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: 'அவ மாமா வரணும்.'

குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி எடுக்க வேண்டும், காது குத்த வேண்டும். ஊரில் இல்லாதவருக்குப் பதிலாக ஒன்றுவிட்ட மாமன் உட்காரலாம். தப்பில்லை. ஆனால் கலைச்செல்விக்கு அதில் சம்மதமில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அம்மா காலமானது கொரோனா வருஷத்தில். விமானம் ஓடவில்லை. செந்தில் அமெரிக்காவில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துதான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தார். இங்கே ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர் ரவி.

"அதத்தான் ஃபோன்ல பார்த்தான். இதையும் ஃபோன்லயே பார்க்கணுமா சார்?" என்று கலைச்செல்வி ஒருமுறை என்னிடம் கேட்டார்.  

முதல் வருஷம் விமானத்தால் தள்ளிப்போனது. அடுத்த வருஷம் விசா. அதற்கடுத்த வருஷம் வேலை ஒப்பந்தம். இந்த வைகாசியில் ரவி வீட்டார் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். ஜூன் மாதம் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குள் முடிக்க வேண்டும். சொந்த மாமன் வந்தால் சரி, இல்லாவிட்டால் கலைச்செல்வியின் சித்தப்பா மகன் பிரபு மடியில் நடக்கட்டும்.

ரவியின் அக்கா ராணிக்கு வாய் கொஞ்சம் அதிகம். வீட்டுக்கு வந்திருந்தபோது, எனக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "ஆகாசத்துல எங்கயோ இருக்கிற கிரகத்தை எல்லாம் கண்டுபிடிக்கிறாரு. மருமக காது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரியல."

கலைச்செல்வி காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கிரகம் கண்டுபிடிக்கிறவர் என்பது உண்மைதான். எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பத்திரிகையில் இருந்த காலத்தில் எத்தனையோ கிரகங்களுக்கு நான் தலைப்புப் போட்டிருக்கிறேன். விண்வெளித் தொலைநோக்கிகள் வந்தபிறகு அடிக்கடி ஒரு புதுக் கிரகம் செய்தியில் வந்துவிடுகிறது. ஆனால் அது எப்படிக் கிடைக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. ஒருநாள் சாயங்காலம் கலைச்செல்வி ஃபோனோடு கீழே வந்தபோது, திரையில் இருந்த செந்திலிடம் கேட்டேன். அவருக்கு அப்போதுதான் விடிந்திருந்தது.

"நாங்க கிரகத்தைப் பார்க்கிறதே இல்ல சார்."

"அப்புறம்?"

"நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறோம். அதோட வெளிச்சம் ஒரு துளி குறையுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கோம். குறைஞ்சா ஏதோ ஒண்ணு குறுக்க போகுதுன்னு அர்த்தம்."

"எவ்வளவு குறையும்?"

"கல்யாண மண்டபத்துல வீடியோக்காரர் போடுற லைட் முன்னாடி ஒரு கொசு பறந்தா எவ்வளவு குறையும்? அவ்வளவுதான்."

ஒரு தடவை குறைந்தால் அது எதுவாகவும் இருக்கலாமாம். இரண்டு தடவை என்றால் சந்தேகப்படலாம். அதே இடைவெளி விட்டு, கணக்குப் போட்ட நேரத்தில், மூன்றாவது தடவையும் குறைந்தால்தான் கிரகம் என்று வாயைத் திறக்க முடியுமாம். செந்தில் துரத்திக்கொண்டிருக்கும் கிரகம் தன் நட்சத்திரத்தை ஒருமுறை சுற்றி வர ஒரு வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. இரண்டு முறை நிழல் காட்டிவிட்டது. மூன்றாவதுக்குக் காத்திருக்கிறார்கள்.

"பூமி மாதிரி கிரகமா?" என்று கேட்டேன். பழக்க தோஷம்.

அவர் சிரித்தார். "நீங்க போடுற தலைப்புல பாதி அதுதான் சார். நான் பார்த்த வரைக்கும் எதுவும் பூமி மாதிரி இல்ல. என்னுது பெரிய வாயு உருண்டை. காலை ஊணி நிக்கிறதுக்குத் தரையே கிடையாது."

பின்னாலிருந்து ரவி எட்டிப் பார்த்தார். "அப்ப பிளாட் போட முடியாதா மாப்ள?"

"நம்ம ஆளுங்க வந்தா அதையும் போட்டுருவாங்க அத்தான்."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அவர் சொன்ன முதல் விஷயத்தை விட்டு நகர முடியவில்லை. பார்க்க முடியாத ஒன்றை, அது குறைத்துவிட்டுப் போன வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிப்பது...

தொண்ணூறுகளில் இந்த மாவட்டத்தில் நான் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். திருச்சி விமான நிலையத்துக்கு வேன் வேனாக வழியனுப்பப் போவார்கள். ஒருவர் சிங்கப்பூர் போவார். இருபது பேர் கூடப் போவார்கள். பிறகு துபாய். பிறகு சாஃப்ட்வேர். வேன் போய் கார் வந்தது, கார் போய் வாட்ஸ்அப்பில் 'ஹேப்பி ஜர்னி' வந்தது. எத்தனை பேர் போனார்கள், எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று எழுதினோம். அவர்கள் போன வீடுகளில் என்ன குறைந்தது என்று அளக்க எங்களிடம் கருவி இல்லை.

இருக்கிற கண்ணை வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். கலைச்செல்வியின் அப்பா கோவிந்தராஜன் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்கிறார். மகன் காலேஜில் படித்தபோது ஓட்டிய பைக் அங்கே கார்ஷெட்டில் நிற்கிறது. அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைப்பார். ஏன் என்று கேட்டேன். "பேட்டரி செத்துரும்ல சார்" என்றார்.

வீட்டில் ஓர் ஆள் குறைவதை இதைவிடத் துல்லியமாக எந்தத் தொலைநோக்கி அளக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது நிழல் விழ வேண்டிய வாரத்துக்கு, லட்சக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மிதக்கிற ஒரு பெரிய தொலைநோக்கியில் செந்தில் குழுவினருக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கும் தொலைநோக்கி. அந்த வாரம் எது? ஜோசியர் காதணி விழாவுக்குக் குறித்துக் கொடுத்த அதே வைகாசி வாரம்.

"இந்த வாரம் மட்டும் வேணாம்க்கா" என்றார் செந்தில்.

அன்றைக்கு கோவிந்தராஜனும் தஞ்சாவூர் வந்திருந்தார். அவர் கடைமடை விவசாயி. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது மடையை விட்டு நகராதவர். மகனுக்காகப் பேசினார்.

"முறைத் தண்ணி வர்ற அன்னைக்கு எவன்ம்மா விசேஷத்துக்குப் போவான்?"

"அப்பா, உங்க முறைக்கு நீங்க மடையில போய் நிக்கணும். அவன் எங்க நிக்கிறான்? டெலஸ்கோப்பு அது பாட்டுக்கு மேல சுத்துது. இவன் ரூமுக்குள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கான். அந்தக் கம்ப்யூட்டரை இங்க வந்து பார்க்கட்டுமே."

கணக்கு டீச்சரிடம் யாரால் பேச முடியும்? கோவிந்தராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

செந்திலின் பயம் வேறு. ஒப்பந்தம் வருஷக் கடைசியில் முடிகிறது. இந்தக் கிரகம் உறுதியானால் அடுத்த வேலை கிடைக்கும். இந்த நேரம் பார்த்து நாட்டை விட்டு வெளியே வந்து, விசாவில் ஏதாவது இடித்து, திரும்ப உள்ளே விடாவிட்டால்? எல்லாம் போயிற்று. இதையெல்லாம் அவர் அக்காவிடம் சொல்லவில்லை. ரவியிடம் சொன்னார். ரவி என்னிடம் சொன்னார். கலைச்செல்விக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதன்பிறகு அவர் தம்பியை வா என்று கூப்பிடவே இல்லை. தினசரி வீடியோ கால் மட்டும் தொடர்ந்தது.

அந்த வீடியோ கால் பற்றிச் சொல்ல வேண்டும். யாழினி பேசக் கற்றதே அதில்தான். சாயங்காலம் ஆனதும் "மாமா எங்க?" என்று கேட்பார்கள். அவள் ஃபோனைக் காட்டுவாள். எல்லோரும் கைதட்டுவார்கள். ஃபோனுக்கு முத்தம் கொடுப்பாள். பிஸ்கட் ஊட்டுவாள். ஸ்கிரீனைத் துடைப்பது ரவியின் வேலை. மாமனையும் மருமகளையும் எவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறோம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. 'டிக்கெட் போட்டாச்சு. ஞாயிறு இருப்பேன்.' கலைச்செல்வி அதை இரண்டு தடவை படித்தார். ரவியிடம், "போர்டை எடுக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான்.

திருச்சியில் இறங்கி சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார் செந்தில். போர்டில் இருப்பதைவிட ஒல்லி. யாழினி அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாருன்னு பாரு. மாமாடா."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு டேபிள் மேலிருந்த ஃபோனைக் காட்டினாள். "மாமா அதுல."

வீடே சிரித்தது. செந்திலும் சிரித்தார். அவர் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் முடிந்ததை நான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் கோயிலுக்குப் போனோம். ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீரில் விட்ட நாற்றங்கால்கள் மட்டும் அங்கங்கே பச்சையாக இருந்தன. செந்திலின் ஃபோனில் ஒரு செய்தி வந்தது. ஒரு வரைபடம். நேர்கோடாகப் போய்க்கொண்டிருந்த புள்ளிகள், ஓரிடத்தில் தட்டுப்போல இறங்கி மறுபடி ஏறின. அவர் விமானத்தில் இருந்தபோது அந்தக் கிரகம் நட்சத்திரத்தைக் கடந்திருக்கிறது.

"வந்துடுச்சுக்கா" என்றார்.

"எது?"

"கிரகம். இன்னும் சரிபார்க்கணும். ஆனா வந்துடுச்சு."

கலைச்செல்வி மடியிலிருந்த பூச்சரத்தை விடாமல் கட்டிக்கொண்டே, "நீ வந்தல்ல, அது போதும்" என்றார்.

ஃப்ளெக்ஸ் போர்டைத் தாண்டும்போது ரவி வேனை நிறுத்தச் சொன்னார். "எப்படி மாப்ள நம்ம கேலக்ஸி?"

"இது நம்முது இல்ல அத்தான். பக்கத்து கேலக்ஸி."

"படத்தை மாத்திட்டானா ஃப்ளெக்ஸ்காரன்?"

"நம்மளுதை இப்படி எடுக்க முடியாது. வெளியில போய் நின்னு எடுக்கணும். நாம உள்ளதானே இருக்கோம்... யாரும் வெளியில போனதில்ல."

"நீ போயிருக்கல்ல" என்றார் ரவி. விளையாட்டாகத்தான் சொன்னார். வேன் கிளம்பியது.

கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து கோவிந்தராஜன் கொண்டுவந்த சீர்த்தட்டுகள் மேளத்தோடு வந்தன. செந்திலுக்குப் பட்டு வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை. மணைப்பலகையில் உட்கார்ந்தார். யாழினியைத் தூக்கி மடியில் வைத்தார்கள்.

அவள் போட்ட கூச்சலில் மேளம் நின்றது.

மிட்டாய் காட்டினார்கள். பலூன் காட்டினார்கள். கையைக் காலை உதறிக்கொண்டு வில்லாக வளைந்தாள். பிரபு பக்கத்தில் வந்ததும் தாவி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டாள். வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவர். அவர் தோளில் முகத்தைப் புதைத்ததும் அழுகை நின்றது.

"நல்ல நேரம் போயிட்டிருக்குங்க" என்றார் காது குத்தும் ஆசாரி. முடி எடுப்பவர் கத்தியைத் துடைத்து மறுபடி துடைத்தார்.

ராணி சொன்னார்: "பிரபு மடியிலயே உட்காரட்டும். அவனும் மாமன்தான். குழந்தைக்கு யாரைத் தெரியுமோ அவங்கதானே மாமன்."

அதில் குத்தல் இல்லை. அதனால்தான் அது அப்படி விழுந்தது. செந்தில் மாலையோடு எழுந்து நின்றார். "பிரபுவே உட்காரட்டும்க்கா. பரவால்ல" என்றார். மாலையைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

கலைச்செல்வி அந்தக் கையைப் பிடித்தார்.

"கழட்டாத. ஃபோன் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அந்தக் குதிரைக்குப் பின்னாடி போய் கால் பண்ணு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அய்யனாரின் சிமெண்ட் குதிரைக்குப் பின்னால் போனார், பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக, தூரத்து நட்சத்திரத்தில் கொசுவளவு நிழலைக் கண்டுபிடித்த மனிதர். கலைச்செல்வியின் ஃபோன் அடித்தது. திரையில் அவர் முகம் வந்தது.

யாழினி நிமிர்ந்தாள். "மாமா."

"என்னம்மா, அழுதியா?"

"அவங்க புடிச்சாங்க" என்று புகார் சொன்னாள்.

பேசிக்கொண்டே அவளை மணைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அவள் கண் ஃபோனை விட்டு நகரவில்லை. செந்தில் பேசிக்கொண்டே சத்தமில்லாமல் பின்பக்கமாக வந்து உட்கார்ந்தார். இரண்டு ஃபோனும் பக்கத்தில் வந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். ரவி பாய்ந்து ஒன்றின் ஒலியைக் குறைத்தார். குழந்தையை மெல்ல இறக்கினார்கள். உட்கார்ந்தது யார் மடி என்று அவள் கவலைப்படவில்லை. மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

கலைச்செல்வி ஃபோனைத் தாழ்வாகப் பிடித்தார். தலை தானாகக் குனிந்தது. நான்கு வருஷத்து முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. செந்தில் தன் ஃபோனை உயரத் தூக்கி, முகம் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன சாப்பிட்டாள், எந்த டிரஸ், பள்ளிக்கூடத்துக்கு என்ன பை... சந்தனம் பூசினார்கள். ஆசாரி காதுமடலில் பொட்டு வைத்தார்.

கை வலித்திருக்க வேண்டும். செந்திலின் ஃபோன் கொஞ்சம் இறங்கியது.

யாழினி திரையை உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"மாமா."

"என்னம்மா?"

"உங்க மடியில உட்கார்ந்திருக்கிற மொட்டை பாப்பா யாரு?"

யாரும் சிரிக்கவில்லை. 

"நீதான்ம்மா."

அவள் நம்பவில்லை. கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டாள். திரையில் இருந்த மொட்டைப் பாப்பா, அரை நொடி தாமதமாக, கையைத் தூக்கித் தலையைத் தொட்டது. யாழினி கையை எடுத்தாள். அதுவும் எடுத்தது.

பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

ஆசாரி அனுபவஸ்தர். அந்தக் கணத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார்போல. ஊசி இறங்கியது.

ஓவென்று அழுதாள், ஃபோனைத் தள்ளிவிட்டு, ரோஜா மாலை நசுங்க மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு. இரண்டாவது காதையும் அந்த நிலையிலேயேதான் குத்த வேண்டியிருந்தது. பந்தி முடியும்வரை இறங்க மறுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவருக்குத் திருச்சியிலிருந்து ஃப்ளைட்.